ஒன்பது காலிக் கொக்கிகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிறு வியாபாரிகள் சங்கம் ஒன்று மாதம் தவறாமல் எட்டுப் பக்கத்தில் ஓர் இதழ் போடுகிறது. அதில் யாரும் படிக்காத இரண்டு பக்கங்களை நிரப்புவது என் வேலை. வரி கட்டக் கடைசித் தேதி, தராசுக்கு முத்திரை வாங்கும் முறை, தீயணைப்புக் கருவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்கிற மாதிரி விஷயங்கள். சென்ற மாதம் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். பெயின்ட் கடை வைத்திருப்பவர். பேசும்போது டப்பாவைக் கலக்குவதுபோல ஒரு கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். கடையில் வேலை செய்கிறவர் திருடிவிட்டால் முதலாளிக்குச் சட்டப்படி என்னென்ன வழி உண்டு என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார். அதற்கு முந்தைய கட்டுரை சவசவ என்று இருந்ததாம். இந்த முறை ஓர் உதாரணம் போடச் சொன்னார்.

போட்டேன். அதுதான் வினை.

"ஒரு சாவிக்கடை என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதினேன். நகைக்கடை என்றால் திருட்டு பெரிதாகிவிடும், மருந்துக்கடை என்றால் வேறு சட்டங்கள் வந்து நுழையும். சாவிக்கடையில் திருட என்ன இருக்கிறது, கொஞ்சம் பித்தளை. சின்னத் திருட்டு, சின்ன நோட்டீஸ், சின்னச் சமாதானம், இரண்டு பக்கத்தில் முடித்துத் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வரியை எழுதிப் பதினொரு நாள் ஆகிறது. இப்போதெல்லாம் வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கே வருகிறேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக முயன்றேன். கிழித்துப் போட மனம் வரவில்லை, இங்கேயே இருக்கட்டும்.

ஒன்று: "திங்கட்கிழமை காலை கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று அவள் உள்மனம்—"

சொல்லவே இல்லை. உள்மனம் எல்லாம் கதை எழுதுகிறவர்களிடம்தான் பேசும். அவள் அப்போது மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க மறந்துபோனதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு: "ஊழியர் ஒருவரால் இழைக்கப்படும் நம்பிக்கைத் துரோகம் என்பது—"

இது செயலாளருக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

மூன்றாவது இது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு எட்டடி இடத்தில் கடை. முன்னால் ஒரு மேசை, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. தெருவில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது ஓடிவந்தால், எந்த வீடு என்று மட்டும் கேட்பாள். ஸ்டூலில் உட்காரச் சொல்லுவாள். தடுப்புக்குப் பின்னால் போய்விட்டு வந்து மெஷினை ஒரு நிமிடம் ஓட்டுவாள். கையில் சாவி இருக்கும். போய்த் திறந்தால் கதவு திறக்கும். முன்னொரு நாள் பார்த்த பூட்டை மனசிலேயே படம் எடுத்து வைத்திருக்கிறாள் என்று ஊரே வாய் பிளந்தது.

உண்மை இதுதான். யார் வீட்டுக்குப் பூட்டுப் போட்டாலும், யாருக்குச் சாவி வெட்டினாலும், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சாவி கூடுதலாக வெட்டுவாள். எண் குத்தி அலமாரியில் இருக்கிற பலகையின் கொக்கியில் மாட்டுவாள். எண்ணுக்கு நேரே பெயரும் முகவரியும் ஒரு நோட்டில் இருக்கும். சாவி தொலைந்ததென்று வருகிறவருக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பாள். கொடுத்ததற்கு ஈடாக, அடுத்த முறை அவர்கள் டூப்ளிகேட் எடுக்க வரும்போது இன்னொன்று வெட்டிக் கொக்கியில் மாட்டிவிடுவாள். மெஷின் அந்த ஒரு நிமிடம் வெறுமனேதான் ஓடும்.

[கெட்ட எண்ணத்தில் ஆரம்பித்ததல்ல. பல வருடங்களுக்கு முன் ஒரு பெண், கைக்குழந்தை உள்ளே இருக்க, அடுப்பு எரிந்துகொண்டிருக்க, கதவு சாத்திக்கொண்டதென்று அலறிக்கொண்டு வந்தாள். அந்தப் பூட்டைத் திறக்க இவளுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். பிறகு புகழ் வந்தது. புகழ் வந்த பிறகு எப்படி வாயைத் திறந்து சொல்வது?]

பலகையில் முந்நூற்று நாற்பது கொக்கிகள். முந்நூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் தங்கள் சாவி தங்களிடம் மட்டுமே இருக்கிறதென்று நிம்மதியாக இருந்தார்கள்.

3

அந்தப் பலகையைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவள் கணவன், கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிற அண்ணன். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. வயதில் பெரியவர் என்பதால் அண்ணன். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். "அந்த அரம் எங்கேம்மா, நேத்து அந்த..." என்பார், மீதியை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். அரைவார்த்தை அண்ணன் என்று அவள் மகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தாலும் பாதிதான் வெளியே வந்திருக்கும்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் சொல்லாமல் நின்றதில்லை என்பதால் அவள் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. இன்னும் வெட்டாத வெற்றுச் சாவி ஒரு பெட்டி எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

பலகையில் ஒன்பது கொக்கிகள் காலியாக இருந்தன.

அடுத்தடுத்த ஒன்பது இல்லை. இங்கொன்று அங்கொன்றாக, பல் விழுந்த வாய்போல. நோட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. அலமாரியைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். ஒன்பதுதான். வாசலில் ஒருவர் சைக்கிள் பூட்டுக்குச் சாவி கேட்டு நின்றார். மெஷின் பழுது, நாளைக்கு வாருங்கள் என்றாள்.

அண்ணன் வீட்டு எண்ணுக்கு அடித்தாள். அவர் மனைவி எடுத்தாள்.

"அண்ணி, அண்ணா இருக்காரா?"

"கடைக்குத்தானே வந்தாரு? எட்டு மணிக்கே சாப்பாட்டுப் பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரே."

வழியில் நின்றிருப்பார், வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அந்த அண்ணிக்கும் அதே நிமிடத்தில் பயம் பிடித்துக்கொண்டதென்று அவளுக்குத் தெரிந்தது.

4

இந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டும் என்பீர்கள். பத்தொன்பது வருடம் நல்லவராக இருந்தவர் ஏன் எடுத்தார்?

எழுதிப் பார்த்தேன். மனைவிக்கு நோய் என்றேன், அடித்தேன். சீட்டாட்டம் என்றேன், அடித்தேன். அவள் அவரை என்றோ அவமானப்படுத்தியிருந்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அழகாக வந்திருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியாமல்தான் அவள் பயந்தாள். உங்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லி ஆறுதல்படுத்துவது நியாயமாகப் படவில்லை.

இதற்குள் செயலாளர், கட்டுரை எதுவரை வந்திருக்கிறதென்று போன் செய்தார். சொன்னேன். "அந்தக் கடை எந்தத் தெருவுல இருக்கு?" என்றார். கடையே கிடையாது, கற்பனை என்றேன். "இல்ல, இருந்தாலும்..." என்றார். மறுநாள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார் என்று அவர் கடையில் வேலை செய்கிறவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப் பூட்டை யார் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

5

செவ்வாய்க்கிழமை காலை அவள் வக்கீலிடம் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னல் ஓரத்தில் கோப்புகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். ஒன்றையும் மறைக்க வேண்டாம், இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று முதலிலேயே சொன்னார். கடையில் வேலை செய்கிறவர் பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அவள் தொடங்கியதும், இதுபோல நூறு பார்த்தவர் என்பதால், வழிகளை மளமளவென்று அடுக்கினார்.

போலீசில் புகார் கொடுக்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளை ஊழியரே எடுத்தால் அது சாதாரணத் திருட்டைவிடக் கனமான குற்றம், தாமதிக்காமல் காணாமல்போனவற்றின் பட்டியலோடு போக வேண்டும். வேலையை விட்டு நீக்கலாம்; ஆனால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கூடாது, விளக்கம் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, பதிலுக்கு நாள் கொடுத்து, விசாரித்த பிறகுதான். பொருளைத் திருப்பித் தரச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடலாம். நஷ்டத்துக்கு சிவில் வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும். பொருள் திரும்பி வந்துவிட்டால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுச் சமாதானமாகலாம். செய்யக் கூடாததையும் சொன்னார். ஆளைப் பிடித்து அறையில் அடைக்கக் கூடாது. அவர் வீட்டுக்குள் புகுந்து தேடக் கூடாது. படத்தைப் போட்டுத் திருடன் என்று வாட்ஸ்அப்பில் பரப்பக் கூடாது. 'குடுக்கிறியா, போலீசுக்குப் போகவா' என்று மிரட்டினால் அது மிரட்டினவர் மேலேயே திரும்பலாம்.

[செயலாளர் கேட்ட கட்டுரை இத்தோடு முடிந்தது. வேண்டியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கதையை நம்பி யாரும் வழக்குப் போட வேண்டாம்.]

"சரி, என்னென்ன காணோம்? பட்டியல் சொல்லுங்க."

"ஒன்பது சாவி, மேடம்."

வக்கீலம்மா பேனாவை எடுத்துவிட்டுச் சிரித்தார். வெட்டாத சாவி ஒன்பதுக்கா இவ்வளவு கலக்கம் என்று கேட்டார்.

"வெட்டின சாவி."

"யாரோடது?"

அவள் பலகையைச் சொன்னாள், நோட்டைச் சொன்னாள், வெறுமனே ஓடுகிற மெஷினையும் சொன்னாள். இத்தனை வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல்முறை. சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர் முகத்தில் சிரிப்பு போய், ஒரு வெறுமை வந்தது. பேனாவை மூடினார்.

"அப்படின்னா பறிகொடுத்தது நீங்க இல்ல. அந்த ஒன்பது பேரு."

அவள் தலையாட்டினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்குப் பூட்டு மாத்தினது நீங்கதான்."

"உங்களோடது அப்படியே கொக்கியில இருக்கு மேடம். அதுக்கு ஒண்ணும் ஆகல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வக்கீலம்மா எழுந்து நின்றார். போனை எடுத்து வீட்டில் இருந்த தன் அம்மாவிடம், உள்தாழ்ப்பாள் போடு, நான் வரும்வரை யாருக்கும் திறக்காதே என்றார். பிறகு இவளைப் பார்த்தார்.

"இனிமே நான் உங்க வக்கீலா இருக்க முடியாது. நான் உங்க கஸ்டமர்."

இதுவரை கேட்டது வெளியே போகாது, அது தன் தொழில் தர்மம் என்றார். வேறு வக்கீலைப் பாருங்கள் என்றார். பலகையையும் நோட்டையும் அழித்துவிடாதீர்கள், அழித்தால் அது தனிக் குற்றம் என்றார். தன் சாவி மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் இந்த மேசைமேல் இருக்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவள் கடைக்குப் போய் அந்தச் சாவியை எடுத்துவந்து, சொன்ன நேரத்துக்குள் அந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

6

கணவன் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். மத்தியானம் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டுவிட்டு, பலகையோடு எல்லாவற்றையும் இன்றைக்கே உருக்கக் கொடுத்துவிடு என்றான். யாருக்குத் தெரியப்போகிறது, அண்ணனுக்கு மட்டும்தானே, அவர் எப்படி வாயைத் திறப்பார் என்றான். வக்கீல் சொன்னதை அவள் சொன்னாள். வக்கீலுக்கு என்ன, பிழைப்பா போகப்போகிறது என்றான். இப்படித் தைரியமாகப் பேசிவிட்டுக் கை கழுவ எழுந்தவன், கை கழுவாமல் வாசலுக்குப் போய்த் தங்கள் வீட்டுப் பூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

அவள் நோட்டை மடியில் வைத்து அந்த ஒன்பது முகவரிகளைப் படித்தாள். தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். ஷிப்டு வேலைக்குப் போகிற நர்ஸ். அப்பா அம்மா இருவரும் ஏழு மணிக்குத்தான் திரும்புகிற, நாலு மணிக்கே பள்ளியிலிருந்து வந்துவிடுகிற இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. பணக்கார வீடு என்று ஒன்றுகூட இல்லை. நகைக்காக என்றால் இவற்றை ஏன் எடுக்க வேண்டும்? வேறு எதற்காக? அந்த 'வேறு எதற்காக' அவளை உட்காரவிடவில்லை. கிளம்பிப் போய் அந்தப் பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு எதிரே, பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள். நாலேகாலுக்கு இரண்டும் வந்தன. பெரியது கழுத்திலிருந்த கயிற்றில் சாவியை இழுத்துத் திறந்தது. கதவு மூடியது. அவள் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள். யாரும் வரவில்லை. அந்தத் தெருவில் நடந்துபோன ஒவ்வோர் ஆணின் கையையும் பார்த்தாள்.

"என்னக்கா, இங்க நிக்கிறீங்க?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். கைராசிக்காரி நிற்கிற தெருவுக்குப் பாதுகாப்புதான் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

[இந்தப் பகுதியை எழுதும்போது என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன், ஆனால் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.]

7

புதன்கிழமை பதினொரு மணிக்கு அரைவார்த்தை அண்ணன் வந்தார்.

அவர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊரைவிட்டே ஓட்டிவிட்டிருந்தேன். வந்துவிட்டார். திங்கட்கிழமை போட்டுக்கொண்டு கிளம்பிய சட்டையாகத்தான் இருக்கும், அதே சாப்பாட்டுப் பை. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. தன் ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒன்பது சாவிகள்.

"எண்ணிக்கோங்கம்மா, ஒன்பதும்..."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று கேட்டாள். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு ஆள் அவரைத் தேடி வந்திருக்கிறான். ஒரே ஒரு வீட்டுச் சாவி வேண்டுமாம். பலகையைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரிந்ததென்று இவருக்குத் தெரியாது. முடியாது என்றதற்கு, இவர் மகள் வேலை செய்கிற இடத்தையும் அவள் ஏறுகிற பஸ்ஸையும் சொல்லியிருக்கிறான். ஒன்று மட்டும் காணாமல்போனால் எந்த வீடு என்று தெரிந்துவிடும் என்பதால் ஒன்பதை எடுத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு அவனிடம் போகாமல் தன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும் குடுக்கலம்மா, சத்தியமா, கையில வச்சுக்கிட்டே ரெண்டு நாளா..."

"எந்த வீடு?"

அவர் தலையை ஆட்டினார். "சொன்னா நீங்க அங்க போவீங்க, போனா அவனுக்குத் தெரிஞ்சு என் பொண்ண..."

அவள் ஒன்பதையும் எடுத்துப்போய்க் கொக்கிகளில் மாட்டினாள். வக்கீலம்மாவின் கொக்கி ஒன்றைத் தவிரப் பலகை நிறைந்தது. ஒரு கணம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று தோன்றியது. அடுத்த கணம் அப்படி இல்லை என்று உறைத்தது. நிறைந்த பலகையைப் பார்த்து நின்றாளே, திரும்பி வந்த சாவியின் மதிப்பு என்ன என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி. அங்கே தொங்குகிற முந்நூற்று முப்பத்தொன்பது சாவிகளின் சொந்தக்காரர்களுக்கும் அவரவர் சாவியை அவள் திருப்பிக் கொடுத்துத்தான் அனுப்பினாள். வேறு எந்தக் கடையில் எது திருடு போனாலும் பொருள் திரும்பினால் முடிந்தது. சாவி திரும்பி வந்ததில் ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடம் போதும், இன்னொன்று வெட்ட.

"நீங்க வேற வெட்டினீங்களா அண்ணா?"

"இல்லம்மா."

அவர் நகக்கண்ணில் பித்தளைத் தூள் இருந்தது. பத்தொன்பது வருடமாக இருக்கிறது.

"எப்படி நான் தெரிஞ்சுக்கறது?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

"தெரிஞ்சுக்க முடியாதும்மா, நம்பத்தான் முடியும்."

[அந்த ஆளை உண்மையாகவே யாரோ அனுப்பினார்களா, அல்லது அரைவார்த்தை அண்ணனைக் காப்பாற்ற நான் கடைசி நேரத்தில் உண்டாக்கினேனா? சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்தான்: அவரே அங்கே உட்கார்ந்து உண்டாக்கினாரா?]

8

முடிவுக்கு வந்துவிட்டேன். ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.

செயலாளரின் முடிவு: பொருள் திரும்பிவிட்டது, இருவரும் கையெழுத்துப் போட்டுச் சமாதானம். 'சட்டம் அறிவோம், நிம்மதியாக வாழ்வோம்' என்று கட்டம் கட்டிப் போடலாம். இதில் ஒரு சட்டப் பிழையும் இல்லை. அந்த ஒன்பது பேர் மட்டும்தான் இல்லை.

கணவனின் முடிவு: உருக்கிவிடுவது. பிறகு ஒன்றும் நடக்காது. அந்த 'ஒன்றும் நடக்காது'வை நான் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். தினமும் காலையில் செய்தித்தாளைத் திறக்கும்போது அவள் ஒன்பது தெருக்களின் பெயரைத் தேடுகிறாள். மகளுக்குக் கல்யாணம் ஆகிறது, அப்போதும் தேடுகிறாள். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

போலீஸ் முடிவு: அவள் புகார் எழுதிக்கொண்டு போகிறாள். இன்ஸ்பெக்டர் படிக்கிறார், இன்னொரு முறை படிக்கிறார், அண்ணனை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு இவளையும் அங்கேயே உட்காரச் சொல்கிறார். மாலையில் அண்ணனின் மகள் வழக்கமான பஸ்ஸில் ஏறுகி—

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நான் இப்படி மூன்றையும் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் தன்பாட்டுக்கு ஒன்று செய்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் புகாரை எழுதினாள். அண்ணன் பெயர், அந்த ஆளைப் பற்றி அவர் சொன்னது, அவர் மகளுக்கு இருக்கிற ஆபத்து, பலகை, நோட்டு, தன் பெயர், தான் செய்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெராக்ஸ் எடுத்தாள். வக்கீலம்மா சொன்னது அவளுக்குள் தங்கிவிட்டிருந்தது: பறிகொடுத்தது அவள் இல்லை. அப்படியென்றால் போலீசுக்குப் போவதா, பொறுத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிற உரிமையும் அவளுடையதில்லை. ஒன்பது பேரில் ஒருவர் சொன்னாலும் அந்தத் தாள் ஸ்டேஷனுக்குப் போகும். அண்ணனிடம் படித்துக் காட்டினாள்.

"போங்கம்மா. நான் பொண்ண வேலைக்குப் போகாம வீட்டோட இருக்கச் சொல்லிட்டு இங்கேயே..."

இருக்கிறேன் என்றாரா, இருக்க மாட்டேன் என்றாரா, தெரியாது. பெட்டி பிரிக்காத ஒன்பது புதுப் பூட்டுகள், திருப்புளி, ஒன்பது தாள்கள், கொக்கியிலிருந்து மறுபடி எடுத்த ஒன்பது சாவிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவள் பன்னிரண்டரைக்குக் கிளம்பினாள்.

9

முதல் வீடு தபால்காரர். வாசலிலேயே நின்று சொன்னாள். அவர் திட்டவில்லை. சாவியையும் தாளையும் வாங்கிக்கொண்டார், புதுப் பூட்டு வேண்டாம், வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது, சங்கிலி விழுந்தது, பிறகு கனமான ஏதோவொன்றைத் தரையில் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கிழவர் பயந்தது யாரோ ஓர் ஆளைக் கண்டு இல்லை, வாசலில் நின்ற தன்னைக் கண்டுதான் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்று நாளாக அவள் மற்றவர்களுக்காகப் பயந்தாள். இப்போது படிக்கட்டில் நின்று தன்னை நினைத்தே பயந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். பையின் கனம் தோளை அழுத்தியது. இன்னும் எட்டு வீடு மீதி இருந்தது.

இரண்டாவது வீட்டைப் பற்றி நான் எழுத முடியாது. அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது, யார் தனியாக இருக்கிறார்கள், எந்த நேரத்தில் வெளியே போவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த ஆள் கேட்ட ஒரே வீடு அதுதானா என்பதும் தெரியாது. உள்ளே இருப்பது உங்களுக்குத்தான் தெரியும், அது உங்கள் வீடு. பூட்டு மாற்றியபோதோ, ஒரு டூப்ளிகேட் எடுத்தபோதோ, கடைக்காரர் முகத்தை நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். சாவியைத்தான் பார்த்திருப்பீர்கள், அது திரும்பக் கைக்கு வந்ததும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ போட்டுக்கொண்டு நடந்திருப்பீர்கள்.

அவள் இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாள். கதவின் ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியும்: நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், தோளில் பை, வேர்வை. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். தாளில் அவள் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள். போடலாம், கிழிக்கலாம், கதவையே திறக்காமல் இருக்கலாம். உங்கள் பயமும் அவள் பயமும் அண்ணன் மகள் ஏறுகிற பஸ்ஸும் எனக்குத் தெரிந்தவரை ஒரே எடைதான், என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுச் சாவி அவள் வலது கையில் இருக்கிறது. இடது கையால் மணியை இரண்டாம் முறை அழுத்திவிட்டு, ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொள்கிறாள்.